ஹைதர் அலியும் அவருடைய மாடுகளும்: செங்கல்பட்டு மறக்காத ஒரு படையெடுப்பின் கதை

1780-ம் ஆண்டு, செப்டம்பர் மாதம். காஞ்சிபுரத்தில் முகாமிட்டிருந்தது ஆங்கிலேயப் படை. அதன் தளபதி ஹெக்டர் மன்றோ. 16 வருடங்களுக்கு முன் பக்சாரில் பெரிய வெற்றி பெற்று, அந்தப் புகழோடு சென்னைக்கு வந்தவர். அவர் இப்போது ஒரு விசித்திரமான உத்தரவு போடுகிறார். கனமான பீரங்கிகளை எல்லாம் குளத்தில் தள்ளிவிடுங்கள், தூக்க முடியாத சாமான்களையும் போட்டுவிடுங்கள், கிளம்புங்கள் என்கிறார்.

பீரங்கிகள் காஞ்சிபுரம் குளத்தில் மூழ்கின. படை செங்கல்பட்டை நோக்கி ஓடியது. ஓடியது என்று சொல்வது மிகை இல்லை. பின்னாலும் பக்கவாட்டிலும் மைசூர் குதிரைகள் விரட்டிக்கொண்டே வந்தன.

கைவசம் இருந்த பீரங்கியை ஏன் குளத்தில் போட வேண்டும்? இழுக்க ஆள் போதாது, மாடு போதாது. சாப்பாடும் கிட்டத்தட்ட தீர்ந்துவிட்டது. அந்தக் காலத்துப் போரில் மாடு இல்லேன்னா பீரங்கி வெறும் இரும்புக் குழாய்தான். எதிர்ப்பக்கம் இருந்தவரிடம் மாடுகளுக்குப் பஞ்சமே இல்லை. அவர் பெயர் ஹைதர் அலி.

திப்பு சுல்தானின் அப்பா, ஆங்கிலேயரை எதிர்த்தவர், வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்தவர். பள்ளிப் பாடத்தில் ஹைதர் அலியைப் பற்றிப் படித்தது பெரும்பாலும் இவ்வளவுதான். தென்னிந்தியாவின் மிக வேகமான மாட்டினம் ஒன்று ஒரு பேரரசின் முதுகெலும்பாக மாறியது அவர் காலத்தில்தான் என்பது பாடப் புத்தகத்தில் வராது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின்போது காங்கேயம், பர்கூர், ஆலம்பாடி, உம்பளச்சேரி என்று நாட்டு மாட்டுப் பெயர்களை எல்லாம் மனப்பாடம் செய்தோமே, அதில் முதல் மூன்றுக்கும் நெருங்கிய சொந்தம் இந்த மைசூர் மாடு.

முரசுக்குள் அடைக்கப்பட்ட சிறுவன்

ஹைதர் பிறந்தது கோலார் பக்கம் உள்ள பூதிகோட்டையில். வருடம் எது என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் ஒற்றுமை இல்லை. சுமார் 1720 என்று வைத்துக்கொள்ளலாம். அப்பா ஃபத்தே முகமது ஒரு கூலிப்படைத் தலைவர். கொஞ்ச நாள் ஆற்காட்டில், அப்புறம் சீராவில். ஹைதர் சின்னப் பையனாக இருக்கும்போதே ஒரு சண்டையில் அவர் செத்துப்போனார்.

அதற்குப் பிறகு நடந்தது கொடுமை. இறந்தவர் கடன் பாக்கி வைத்திருக்கிறார் என்று சொல்லி, தொட்டபள்ளாப்பூர் ஜாகீர்தார் அப்பாஸ் குலி கான் என்பவர் அந்தக் குடும்பத்தைப் பிடித்து வைத்தார். ஹைதரையும் அண்ணன் ஷாபாஸையும் பெரிய நகரா முரசுக்குள் அடைத்து, மேலே முரசை அடித்துப் பணம் கறந்தாராம். மைசூர் வரலாற்றை எழுதிய மார்க் வில்க்ஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார். வில்க்ஸ் ஆங்கிலேய அதிகாரி. ஹைதர்மீது அவருக்குப் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது. அவர் சொல்லும் ஹைதர் கதைகளை அந்த நினைவோடுதான் படிக்க வேண்டும்.

ஹைதர் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளவே இல்லை. ஆனால் ஞாபக சக்தி அபாரம். 1749-ல் தேவனஹள்ளி முற்றுகையில் மைசூர்ப் படையில் ஒரு சாதாரணத் தன்னார்வ வீரனாகத் தலைகாட்டினார். அமைச்சர் நஞ்சராஜரின் கண்ணில் பட்டார். அங்கிருந்து அவருடைய ஏற்றம் தொடங்கியது.

திருச்சியில் ஆரம்பித்த மாட்டுக் கணக்கு

1750-களின் தொடக்கத்தில் திருச்சிராப்பள்ளியைச் சுற்றி ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ஆற்காடு நவாப், மைசூர், மராட்டியர் என்று எல்லோரும் மோதிக்கொண்டிருந்தார்கள். மைசூர்ப் படையோடு ஹைதரும் வந்திருந்தார். அந்தச் சில வருடங்களில் அவர் கற்றுக்கொண்டது இரண்டு. ஒன்று, ஐரோப்பியர்கள் எப்படிச் சண்டை போடுகிறார்கள் என்பது. இன்னொன்று, படை நடப்பது வயிற்றாலும் மாட்டாலும் என்பது.

இரண்டாவது பாடத்தை அவர் கற்ற விதம் கொள்ளை. நாகரிகமாகச் சொல்ல வேறு வார்த்தை இல்லை. அவருடைய ஆட்கள் எதிரியின் தானிய வண்டிகளை மடக்குவார்கள். மாடு, ஆடு, துணி, வழிப்போக்கர்களின் கம்மல் வரை எதையும் விடமாட்டார்கள். கிடைத்ததில் ஒரு பங்கு பிடித்தவனுக்கு, ஒரு பங்கு ஹைதருக்கு. கணக்கு எழுத காண்டே ராவ் என்ற பிராமணர் ஒருவரை வைத்துக்கொண்டார். 1755-ல் திருச்சியை விட்டுக் கிளம்பும்போது ஹைதரிடம் 1,500 குதிரை வீரர்களும் அதைவிடப் பல மடங்கு காலாட்களும் சொந்தமாக இருந்தார்கள் என்கிறது வில்க்ஸின் கணக்கு.

அடுத்து திண்டுக்கல் ஃபவுஜ்தார் பதவி. இங்கே ஒரு கதை உண்டு. காயம்பட்ட வீரர்களுக்கு அரசு தனியாகப் படி கொடுக்கும். ஒரு சண்டையில் 67 பேருக்குத்தான் காயம். பார்வையிட வந்த அதிகாரி கண்டதோ மஞ்சள் தோய்த்த கட்டோடு படுத்திருந்த 700 பேரை. படி 700 பேருக்கும் வந்தது. தலை எண்ணும்போது ஆட்களை வட்டமாக நடக்கவிட்டுத் திரும்பத் திரும்ப எண்ண வைக்கும் வித்தையும் அவருக்குத் தெரியுமாம். எண்ணிக்கையில் எப்படியெல்லாம் ஏமாற்றலாம் என்று தெரிந்த ஆள், பின்னாளில் தன் லாயத்திலும் தொழுவத்திலும் யாரும் ஏமாற்ற முடியாதபடி பார்த்துக்கொண்டதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

1761-க்குள் மைசூரின் உண்மையான ஆட்சியாளர் ஹைதர்தான். ராஜா பெயருக்கு இருந்தார். கணக்குப்பிள்ளை காண்டே ராவ் நடுவில் எதிரணிக்குத் தாவி, தோற்று, கூண்டில் அடைபட்டது தனிக் கதை.

வெண்ணெய்ச் சாவடி

அரசைக் கைப்பற்றியபோது ஹைதருக்கு ஒரு சொத்து தானாகவே வந்து சேர்ந்தது. அதுதான் அரண்மனை மாட்டுப் பண்ணை.

இதன் கதை விஜயநகரக் காலத்துக்குப் போகிறது. ஸ்ரீரங்கப்பட்டினத்தில் இருந்த விஜயநகரப் பிரதிநிதிகள் வளர்த்த ஹள்ளிகார் பசுக்கள்தான் மூலம். மைசூர் உடையார்கள் கைக்கு அது மாறியது. 1672 முதல் 1704 வரை ஆண்ட சிக்க தேவராஜ உடையார் அதை ஒரு அரசுத் துறையாகவே ஆக்கினார். பெயர் பென்னெ சாவடி. கன்னடத்தில் பென்னெ என்றால் வெண்ணெய். அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் தருவது வெளியில் தெரிந்த வேலை. தன் பெயரின் எழுத்தான 'தே' என்பதை மாடுகளுக்குச் சூடு போட்டு அடையாளம் வைத்தார். நாடு முழுக்க மேய்ச்சல் நிலங்களை ஒதுக்கினார். அவற்றுக்குப் பெயர் காவல். வேறு யாரும் உழவோ மேய்க்கவோ கூடாது என்று காவலில் வைத்த புல்வெளி. அந்தச் சொல்லுக்கு நமக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை.

காவல் நிலங்களிலேயே மூன்று வகை. மழைக்காலத்துக்கு ஒன்று, பனிக்காலத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று. கோடைக்கு ஏரிப் படுகையும் மர நிழலும் உள்ள இடங்களாகப் பார்த்து வைத்தார்கள். மந்தைகள் காவலுக்குக் காவல் மாறிக்கொண்டே இருக்கும். தொழுவம் கிடையாது. மழையோ வெயிலோ வெட்டவெளிதான். மேய்ப்பவர்களைத் தவிர வேறு ஆள் பக்கத்தில் போனால் முட்டித் தள்ளிவிடும். பாதி காட்டு மாடு என்றே சொல்லலாம்.

இந்த மாட்டை வளர்த்த முறையில் ஒரு முக்கியமான முடிவு இருக்கிறது. நல்ல மந்தையின் பசுக்களைக் கறக்க மாட்டார்கள். பால் முழுக்கக் கன்றுக்கு. வெண்ணெய்த் துறை என்று பெயர் வைத்துக்கொண்டு கறக்காமல் விடுவது முரணாகத் தெரியலாம். ஆனால் துறையின் நோக்கம் பாலில் இருந்து இழுவைக்கு மாறியபோது இதுவும் மாறியது. தேர்ந்தெடுத்த காளைகளை மட்டும் பொலிக்கு வைத்துக்கொண்டு, மற்ற கன்றுகளைச் சின்ன வயதிலேயே காயடித்துவிடுவார்கள். சில வருடங்கள் சும்மா மேயவிட்டு, அப்புறம் பிடித்துப் பழக்குவார்கள்.

பழக்குவது லேசான வேலை இல்லை. கனமான மரங்களால் கட்டிய பட்டிக்குள் மந்தையை ஓட்டிவந்து, குறுகலான வழியில் ஒவ்வொன்றாகப் புகவிட்டு, கயிறு போட்டுத் தூணில் கட்டுவார்கள். முரண்டு பிடித்து ஓய்ந்தபின், ஏற்கெனவே பழகிய மாட்டோடு ஜோடி சேர்ப்பார்கள். அது நடக்கிறபடி இது நடந்தாக வேண்டும். ஐந்து வயதுக்குப் பிறகுதான் உண்மையான பாரம். முழு பலம் ஏழு வயதில். பதினான்கு வரை உழைக்கும்.

உருவம் பெரிசு கிடையாது. சாம்பல் நிறம், ஒடுங்கிய நீண்ட முகம், நெற்றியில் நடுவே ஓர் ஓடை, பின்னோக்கி வளைந்து கூர்மையாக முடியும் நீண்ட கொம்புகள், இறுகிய சின்னக் குளம்பு. எடையில் மற்ற இனங்கள் ஜெயிக்கும். நடையில் இதை ஜெயிக்க ஆள் இல்லை.

அதே காலத்தில் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் ராபர்ட் பேக்வெல் என்ற விவசாயி தன் பண்ணையில் மாடுகளைத் தேர்ந்து இனம் சேர்த்துக்கொண்டிருந்தார். நவீனக் கால்நடைப் பெருக்கத்தின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். இன்று உலகமெங்கும் கறிக்காக வளர்க்கப்படும் ஸ்காட்லாந்தின் ஆங்கஸ் கறுப்பு மாடுகள்கூட அதற்குப் பிறகு, 19-ம் நூற்றாண்டில்தான் ஒரு தனி இனமாகத் திரண்டன. அவர்கள் தேடியது சதை. மைசூரில் தேடியது கால். தேர்வு செய்து இனம் வளர்ப்பது ஐரோப்பா கண்டுபிடித்து நமக்குக் கொடுத்த சங்கதி என்று யாராவது சொன்னால், காவல் நிலங்களைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ஹைதர் இந்த இனத்தை உருவாக்கியவர் அல்ல. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அவர் செய்தது விரிவாக்கம். ஒவ்வொரு பாளையத்தையும் வென்றபோது அங்கிருந்த நல்ல மாடுகளையும் சேர்த்துக்கொண்டார். நாடு முழுக்க 60,000 எருதுகளை வைத்திருந்தார் என்று சொல்லப்படுகிறது. அரண்மனை மந்தையை எடுத்து, பீரங்கி, வெடிமருந்து, அரிசி மூன்றையும் சுமக்கும் போர்த் துறையாக மாற்றியது அவர்தான்.

பரங்கிமலையில் ஒரு காலை

செங்கல்பட்டு மக்கள் ஹைதரை முதலில் பார்த்தது 1760-களின் கடைசியில். முதல் மைசூர்ப் போர் நடந்துகொண்டிருந்தது. 1769 மார்ச் மாதத்தில் ஹைதர் ஒரு சூதாட்டம் ஆடினார். பீரங்கி, மாடு, மூட்டை முடிச்சு, காலாட்படை எல்லாவற்றையும் ஆத்தூர்க் கணவாய் வழியாக ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். 6,000 குதிரைகளை மட்டும் கூட்டிக்கொண்டு 130 மைலை மூன்றரை நாளில் கடந்து சென்னையின் வாசலில், பரங்கிமலைப் பக்கம் வந்து நின்றார். அவரைத் துரத்திய ஆங்கிலேயப் படை எங்கோ பின்னால் கிடந்தது.

மாட்டின் மதிப்பு தெரிந்தவனுக்குத்தான் எப்போது மாட்டை விட்டுவிட்டு வர வேண்டும் என்பதும் தெரியும்போல. கோட்டையில் இருந்த கவுன்சில் அலறியடித்துக்கொண்டு சமாதானம் பேசியது. ஏப்ரல் தொடக்கத்தில் சென்னை உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்படி, ஒருவரை யாராவது தாக்கினால் மற்றவர் உதவ வேண்டும்.

இதில் ஒரு கிளைக் கதை. முரசுக்குள் அடைத்தாரே அப்பாஸ் குலி கான், அவர் 1761-லேயே ஹைதருக்குப் பயந்து சென்னைக்கு ஓடிவந்திருந்தார். ஹைதர் பரங்கிமலைக்கு வந்துவிட்டார் என்று கேட்டதும், கிடைத்த ஓட்டைப் படகில் ஏறிக் கடலுக்குள் போய்விட்டாராம். மைசூர்ப் படை மலையேறித் திரும்பும்வரை கரைக்கு வரவில்லை. அவர் விட்டுவிட்டு ஓடிய குடும்பத்தை ஹைதர் நல்லபடியாகவே நடத்தினார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

உடன்படிக்கை காகிதத்தோடு நின்றது. அடுத்த ஓரிரு வருடங்களில் மராட்டியர்கள் மைசூருக்குள் புகுந்தபோது ஆங்கிலேயர்கள் ஒரு சிப்பாயைக்கூட அனுப்பவில்லை. ஹைதர் அதை மறக்கவில்லை. 1779-ல் அவருடைய எல்லைக்குள் இருந்த பிரெஞ்சுத் துறைமுகம் மாஹேயை ஆங்கிலேயர்கள் பிடித்தது கடைசி துரும்பு.

செங்கம் கணவாய் திறந்தது

1780 ஜூலை. செங்கம் கணவாய் வழியாக ஹைதரின் படை இறங்கியது. 80,000 பேருக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் மாடுகள், மாடுகள், மாடுகள். சென்னையில் இருந்த அரசு கடைசி நிமிடம்வரை வதந்தி என்றே நினைத்துக்கொண்டிருந்தது.

செங்கல்பட்டுச் சீமை அப்போது கம்பெனியின் ஜாகீர். ஆற்காடு நவாப் 1763-ல் கொடுத்தது. 1767-க்கும் 1774-க்கும் இடையில் தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் சுமார் 2,000 ஊர்களைக் கணக்கெடுத்து வைத்திருந்தார். ஏரி, நிலம், வீடு என்று எல்லாம் பதிவானது. அந்த ஊர்கள் நன்றாக இருந்த காலத்தின் கடைசிப் படம் அது.

மன்றோவின் படை பரங்கிமலையில் இருந்து கிளம்பிக் காஞ்சிபுரம் போய்ச் சேரவே நாலு நாள் ஆனது. கையில் இருந்தது எட்டு நாள் அரிசி. வடக்கே குண்டூர்ப் பக்கம் இருந்து கர்னல் பெய்லியின் படை வந்து சேர வேண்டும். இடையில் கொசஸ்தலை ஆறு பெருகி பெய்லியை ஒரு வாரத்துக்கு மேல் கரையிலேயே உட்கார வைத்துவிட்டது. அந்த ஒரு வாரம் ஹைதருக்குப் போதும்.

செப்டம்பர் 10. காஞ்சிபுரத்துக்குச் சில மைல் தொலைவில் உள்ள புள்ளலூர். திப்புவும் ஹைதரும் பெய்லியைச் சூழ்ந்தார்கள். ராக்கெட்டுகள் பறந்தன. வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. கிட்டத்தட்ட 3,800 பேர் கொண்ட படை ஒரே காலையில் அழிந்தது. உயிரோடு இருந்தவர்கள் கைதிகளாக ஸ்ரீரங்கப்பட்டினம் போனார்கள். சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்தும் மன்றோ உதவிக்குப் போய்ச் சேரவில்லை. மறுநாள்தான் பீரங்கிகள் குளத்துக்குள் போயின. செங்கல்பட்டில் உணவு தயாராக இருக்கும் என்று நம்பி ஓடினார். அங்கும் ஒன்றும் இல்லை. நாலைந்து நாளில் சைதாப்பேட்டைப் பக்கம் அடையாற்றங்கரையில் போய் மூச்சு வாங்கினார்.

அழிந்த தொழுவங்கள்

இந்த இடத்தில் ஹைதரைக் கொண்டாடுபவர்கள் பொதுவாக அடுத்த அத்தியாயத்துக்குத் தாவிவிடுவார்கள். தாவக் கூடாது.

சென்னையைச் சுற்றி, பழவேற்காட்டில் இருந்து புதுச்சேரிப் பக்கம் வரை, ஹைதர் திட்டமிட்டு ஒரு வெற்று வளையத்தை உருவாக்கினார். கடலில் இருந்து உள்ளே 30 முதல் 50 மைல் வரை. ஊர்கள் எரிந்தன. பயிர் எரிந்தது. மக்களும் ஆடு மாடுகளும் ஓட்டிச் செல்லப்பட்டார்கள். தனக்குத் தீனி வேண்டிய பகுதிகளை மட்டும் தொடாமல் விட்டார். நோக்கம் ரொம்ப எளிமை: ஆங்கிலேயருக்கு ஒரு மூட்டை அரிசியும் ஒரு ஜோடி மாடும் உள்ளூரில் கிடைக்கக் கூடாது.

ராணுவக் கணக்கில் இது புத்திசாலித்தனம். மதுராந்தகத்திலும் உத்திரமேரூரிலும் ஏர் பூட்டிய விவசாயிக்கு அது வேறு. மாடு போனால் உழவு போச்சு, கமலை போச்சு, எரு போச்சு, வண்டி போச்சு. ஏரி உடைந்தால் மண் சுமக்கவும் மாடு கிடையாது. போரைத் தொடர்ந்து பஞ்சம் வந்தது. சென்னைத் தெருக்களில் பட்டினிச் சாவு. தன் காவல் நிலங்களில் ஒரு கன்றுக்கு வேண்டிய பால் குறையக் கூடாது என்று இருந்த அரசு, அடுத்த சீமையின் தொழுவங்களைக் காலி செய்தது. இரண்டையும் செய்தது ஒரே மனிதர்தான்.

ஆங்கிலேயர்கள் யோக்கியர்களா என்றால், அதுவும் இல்லை. அவர்களுடைய படைகளும் போகிற வழியில் கிடைத்த மாட்டை விட்டதில்லை. கம்பெனியும் நவாபும் சேர்ந்து அந்தச் சீமையை அதற்கு முன்பே கடனில் கறந்துகொண்டுதான் இருந்தார்கள்.

கடலை நம்பிய படை

மன்றோ தோற்றதும் கல்கத்தாவில் இருந்து அயர் கூட் வந்தார். வந்தவாசியில் 20 வருடங்களுக்கு முன் பிரெஞ்சுக்காரர்களை வீழ்த்தியவர். வயதாகிவிட்டது, உடம்பு சரியில்லை. 1781 ஜனவரியில் கிளம்பிச் செங்கல்பட்டுக் கோட்டையின் முற்றுகையை விலக்கினார். கருங்குழிக் கோட்டையைப் பிடித்தார். வந்தவாசியைக் காப்பாற்றினார். அதற்குப் பிறகு கடலை விட்டு நகர முடியவில்லை. எழுதிய கடிதங்களில் எல்லாம் ஒரே புலம்பல்: மாடு இல்லை, அரிசி இல்லை.

கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வழியாகக் கடலூர் வரை நீளும் கரைதான் அவர் உயிர்நாடி. இன்று நீங்கள் வார இறுதியில் பைக்கில் போகிற அதே ஈசிஆர் ஓரம். சென்னையில் இருந்து அரிசி கப்பலில் வந்து இறங்கினால்தான் படைக்குச் சோறு. அந்தக் கடலும் நிம்மதியாக இல்லை. 1782 பிப்ரவரி 17 அன்று சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே, பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனின் கப்பல்களும் ஆங்கிலேயர் ஹியூஸின் கப்பல்களும் மோதின. சுஃப்ரேன் தன் வீரர்களைப் பரங்கிப்பேட்டையில் இறக்கினார், ஹைதருக்கு உதவியாக.

ஹைதருக்குக் கப்பல் அவசியமில்லை. 1781 ஜூன் 18 அன்று கூட், தானியம் கிடைக்கும் என்று நம்பிச் சிதம்பரம் கோயில் கோட்டையைத் தாக்கித் தோற்றார். திருச்சி, தஞ்சைப் பக்கம் இருந்த ஹைதருக்குச் செய்தி போனது. பீரங்கிகளோடு 100 மைலை இரண்டரை நாளில் கடந்து, கூட்டுக்கும் கடலூருக்கும் நடுவே வந்து உட்கார்ந்துவிட்டார். அந்தக் காலத்துப் படை ஒரு நாளைக்கு 10, 12 மைல் நடந்தாலே நல்ல நடை. 100 மைல் என்றால் சென்னையில் இருந்து புதுச்சேரி தாண்டும் தூரம். தார் ரோடு இல்லை, பாலம் இல்லை, ஜூன் மாத வெயில். அமிர்தமகால் மாடுகளைப் பற்றி எழுதுகிற யாரும் இந்த நடையைச் சொல்லாமல் விடுவதில்லை.

அதற்காக ஹைதர் ஜெயித்தார் என்று அர்த்தமில்லை. ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் நடந்த சண்டையில் கூட் வென்றார். ஹைதர் ஒரு மேட்டில் முக்காலி போட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தோல்வி உறுதியான பிறகும் எழுந்திருக்க மறுத்தார். நெருங்கிய பணியாள் ஒருவன் வந்து அவர் காலில் செருப்பை மாட்டி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லிக் குதிரையில் ஏற்றியதாகச் சொல்வார்கள். ஆனால் கூட் களத்தைச் சுற்றிப் பார்த்தபோது, அவர் எதிர்பார்த்த பீரங்கிகள் அங்கே இல்லை. மாடுகள் இழுத்துக்கொண்டு போயாச்சு. புள்ளலூரில் ஆகஸ்டில் இரண்டாவது சண்டை, சோளிங்கரில் செப்டம்பரில் இன்னொன்று. கூட் தோற்கவில்லை. துரத்திப் போய் முடித்துவைக்கவும் அவரால் முடியவில்லை. துரத்த மாடு வேண்டுமே.

1782 டிசம்பர் 7

ஹைதரின் முதுகில் ஒரு கட்டி வந்திருந்தது. வைத்தியர்கள் கைவிட்டார்கள். 1782 டிசம்பர் 7 அன்று சித்தூருக்குப் பக்கத்தில் நரசிங்கராயன்பேட்டை முகாமில் இறந்துபோனார். திப்பு மலபாரில் இருந்தார். அவர் வந்து சேரும்வரை மரணத்தை மூடி மறைத்தார்கள். புதையல் பெட்டி போலக் கட்டி உடலைக் கோலாருக்கு அனுப்பினார்கள். பிறகு ஸ்ரீரங்கப்பட்டினத்தில் அடக்கம். கூட் சில மாதங்களில், 1783 ஏப்ரலில், சென்னையில் காலமானார்.

மாட்டுத் துறைக்கு அமிர்தமகால் என்று பெயர் சூட்டியது திப்பு. அப்பா விரித்ததை மகன் ஒழுங்குபடுத்தினார். ஹாகல்வாடி, சித்ரதுர்கா பாளையக்காரர்களின் மந்தைகளைச் சேர்த்தார். மாட்டை எப்படிப் பராமரிக்க வேண்டும் என்று ஒரு ஹுக்கும்நாமா, அதாவது விதிமுறை எழுதினார். வருடாந்திரக் கணக்கெடுப்புக்குத் தானே வந்து நின்று, நன்றாக வளர்த்தவர்களுக்குப் பரிசு கொடுத்தார். 1790-ல் ஜெனரல் மெடோஸ் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு நாளில் 63 மைல் நடந்து காட்டியதும் இந்த மாடுகள்தான்.

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்தது. ஆங்கிலேயர்கள் பொக்கிஷத்தோடு மந்தையையும் பார்த்தார்கள். ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் நெப்போலியனை வாட்டர்லூவில் தோற்கடித்த வெலிங்டன், இந்த எருதுகளை வைத்தே தக்காணத்தில் சண்டை போட்டார். ஸ்பெயின் போரில் சிக்கியபோது அவை கையில் இல்லையே என்று ஏங்கினார் என்பார்கள்.

ஏங்கியவர் அவர். பராமரித்தவர்கள் அவ்வளவு அக்கறை காட்டவில்லை. மைசூர் அரசிடம் விடப்பட்ட மந்தை 1813-க்குள் மெலிந்துபோனது. சென்னை ராணுவத்தின் கேப்டன் ஹார்வியிடம் ஒப்படைத்து மீண்டும் தேற்றினார்கள். 1860-ல் சிக்கனம் என்ற பெயரில் மொத்த மந்தையையும் விற்றுத் தள்ளினார்கள். நூறு, இருநூறு வருடத் தேர்வு ஏலத்தில் சிதறியது. ஆறே வருடத்தில் ராணுவத்துக்கு மாடு கிடைக்காமல் திண்டாட்டம். 1866-ல் மிச்சம் மீதியைத் தேடிப் பிடித்து மறுபடி ஆரம்பித்தார்கள். 1880-களில் அது மைசூர் சமஸ்தானத்துக்குக் கைமாறியது.

செங்கல்பட்டு தேற ரொம்ப நாள் ஆனது. 1794-ல் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ், உடைந்த ஏரிகளைக் கட்டுவதிலேயே காலத்தைச் செலவிட்டார். மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயில் கதையில் வருகிற துரை அவர்தான்.

இன்று சிக்கமகளூரு மாவட்டம் அஜ்ஜம்புராவில் அமிர்தமகால் இனப்பெருக்க மையம் இருக்கிறது. டிராக்டர் வந்த பிறகு இந்த மாட்டுக்கு வேலை குறைந்துபோனது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட நான்கு லட்சம் ஏக்கர் இருந்த காவல் நிலங்கள் துண்டு துண்டாகச் சுருங்கின. சித்ரதுர்கா மாவட்டம் சல்லகெரே அருகே பல்லாயிரம் ஏக்கர் டிஆர்டிஓ, இஸ்ரோ, பாபா அணு ஆராய்ச்சி மையம் போன்றவற்றுக்கு ஒதுக்கப்பட்டது. மேய்ச்சல் நிலத்தை இழந்த ஊர்க்காரர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். தமிழ்நாட்டில் இதன் தாய்வழிச் சொந்தமான ஹள்ளிகாரைப் பார்க்க வேண்டும் என்றால் கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் போகலாம். இல்லையென்றால் ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு. ஒடுங்கிய முகம், பின்னால் வளைந்த கொம்பு, ஆள் கிட்டே போனால் ஒரு முறைப்பு. கண்டுபிடிக்கச் சிரமம் இருக்காது.